வாளி சேரின் இணைப்பு மூன்று

திருகோணமலைத் துறைமுகத்தில் தண்ணீர் ஓர் அங்குலம் குறைந்திருக்கிறதென்று யாராவது அளந்து சொன்னால் விசாரணைக் குழு எதுவும் வேண்டாம். அள்ளிக்கொண்டு போனவர் வாளி சேர். இருபது வருடமாக, நாளுக்கு இரண்டு தடவை, சைக்கிள் ஹாண்டிலில் தொங்கும் வாளி நிறையக் கடல்நீர். வாளி இல்லாமல் அவரை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். அந்த நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

துறைமுகத்தை அண்டிய எங்கள் உயர்கல்வி நிறுவகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். எனக்குச் சம்பளம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. இந்தப் பத்தியைப் புனைபெயரில் எழுதுவதும் அதனால்தான். பதிவாளர் கந்தோரில் நான் முகாமைத்துவ உதவியாளர். பதவிப் பெயர்தான் அப்படி, வேலை பழைய கிளார்க் வேலை. வாளி சேர் கடலுயிரியல் விரிவுரையாளர். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, தலை நரைக்கத் தொடங்கியிருந்த என்னை அவர் கடைசிவரை "பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார்.

அவருக்கு இந்த உலகத்தில் சொந்தபந்தமெல்லாம் கடலட்டைதான். புடலங்காய்த் துண்டு போலக் கடலடியில் கிடக்கும் அந்தப் பிராணிக்கு முகமும் இல்லை, மூளையும் இல்லை.

"அதுதான் எனக்கு அதில விருப்பம், பிள்ளை" என்பார். "மூளை இல்லாட்டியும் கூட்டத்தில கதைக்காது."

ஒருநாள் பீடக் கூட்டத்துக்கு வாளியோடு வந்து அதை மேசை நடுவில், எங்கள் நிறுவகத்தின் கொடிக்குப் பக்கத்தில் வைத்தார். பதிவாளர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன சேர் இது?"

"தாய் அட்டை, சேர். முட்டை விடுற நேரம். தனிய விட்டுட்டு வர ஏலாது. பயந்தா குடலை முழுக்க வெளியில தள்ளிப்போடும். அதால எல்லாரும் கொஞ்சம் மெல்லமாக் கதையுங்கோ."

அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் எல்லோரும் கோயிலுக்குள் நிற்பது போல மெல்லமாகக் கதைத்தார்கள். யாரும் யாரையும் பார்த்துக் கத்தவில்லை. எங்கள் நிறுவகத்தின் சரித்திரத்தில் சண்டையில்லாமல் முடிந்த பீடக் கூட்டம் அது ஒன்றுதான். கூட்ட அறிக்கையை எழுதியவள் நான், எனக்குத் தெரியும்.

அவர் மாணவர்களுக்கு வரவு போட்ட விதம் தனி. கையெழுத்தை நம்பமாட்டார். தொட்டி அறை வாசலில் நின்று கையை நீட்டச் சொல்லி மணந்து பார்ப்பார். தொட்டி கழுவிய கை என்றால் வரவு. இரண்டாம் வருடப் பெடியன் ஒருவன் வேலை செய்யப் பஞ்சிப்பட்டு, கையில் கருவாட்டைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றான். வாளி சேர் ஒரு தரம் மணந்தார்.

"இது கீரி மீன் கருவாடு. அதுவும் சல்லிக் கரையில காய்ஞ்சது. போய்த் தொட்டியைக் கழுவிப்போட்டு வாரும்."

அந்தத் தொட்டி அறை துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. ஒன்பது சீமெந்துத் தொட்டி, கீழே சரிவான நிலம், மூலையில் தண்ணீர் ஓடும் துவாரம். அங்கே முழங்கால்வரை நனையாமல் யாரும் படித்ததில்லை. கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு மாணவி முதல் நாள் அட்டையைத் தொட மாட்டேனென்று அழுதாள். "தொட வேண்டாம், பிள்ளை. அது உங்களைத் தொடுறவரைக்கும் கையைத் தண்ணிக்குள்ள வைச்சுக்கொண்டிருங்கோ" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் தானும் கையை விட்டபடி ஒரு மணித்தியாலம் பேசாமல் நின்றார். குஞ்சு பொரிக்க வைக்கவே ஏலாது என்று மற்றவர்கள் கைவிட்டிருந்த அட்டையை அந்த மாணவியும் அவருமாகத்தான் அந்த அறையில் பொரிக்க வைத்தார்கள்.

இனி விருதுக்கு வருகிறேன். நாக்கு கசக்கிறது, ஆனாலும் வருகிறேன்.

எங்கள் நிறுவகத்தில் ஒவ்வொரு வருடமும் சிறந்த கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் விருது உண்டு. அதை யாரும் உங்களுக்குத் தரமாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். "நான் சிறந்தவன்" என்று நீங்களே பதினான்கு பக்கப் படிவத்தில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் சான்று இணைக்க வேண்டும். சான்று கடிதத்தலைப்பில் இருக்க வேண்டும், இறப்பர் முத்திரையும் வேண்டும். கற்பிக்கிறவனுக்கு அதையெல்லாம் சேர்க்க நேரமிருக்காது, சேர்க்க நேரமிருக்கிறவன் கற்பிக்கமாட்டான். ஆகவே விருது யாருக்குப் போகும் என்பதில் எனக்கு ஒரு வருடமும் ஆச்சரியம் இருந்ததில்லை.

வென்றவரைப் பற்றி மேடையில் வாசிக்கும் பாராட்டுரையை எழுதுவது என் வேலை. என்னிடம் ஒரே ஒரு பாராட்டுரைதான் இருந்தது. "அயராத உழைப்பும் அர்ப்பணிப்பும்" என்று தொடங்கும். வருடா வருடம் பெயரையும் துறையையும் மட்டும் மாற்றுவேன். ஒரு வருடம் துறையை மாற்ற மறந்துபோனேன். கணக்கியல் கலாநிதி ஒருவர், கடல் தாவரங்களுக்கு ஆற்றிய ஒப்பற்ற சேவைக்காக மேடையேற்றப்பட்டார். சபை கைதட்டியது. அவரும் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். அந்தப் பாராட்டுரை இப்போதும் அவர் வீட்டு விறாந்தையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

வாளி சேர் இந்த விருதுப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஒரே ஒரு வருடம் விண்ணப்பித்தார். விருதுக்காக அல்ல, தொட்டி அறைக்காக.

புதிதாகத் தர மேம்பாட்டு அலகு என்று ஒன்று திறக்க வேண்டியிருந்தது. கற்பித்தலின் தரத்தை உயர்த்துவதற்கான கந்தோர். அதற்கு நல்ல காற்றுள்ள அறை ஒன்று வேண்டும் என்று தேடி, கற்பித்தல் நடந்துகொண்டிருந்த ஒரே அறையை எடுக்கத் தீர்மானித்தார்கள். வாளி சேர் பதிவாளரிடம் ஓடி வந்தார். பதிவாளர் கெட்ட மனிதர் அல்ல. சுற்றறிக்கையில் இருந்தால் நல்லதும் செய்வார்.

"விருது எடுத்த ஆக்களின்ர ஆய்வுகூடத்தை அஞ்சு வருசத்துக்கு ஒருத்தரும் எடுக்க ஏலாது. சுற்றறிக்கையில கிடக்கு. நீங்கள் விண்ணப்பியுங்கோவன், சேர்."

வாளி சேர் என் மேசைக்கு வந்து படிவம் கேட்டார். முன்னால் இருந்த கதிரையில் உட்காரவில்லை, காற்சட்டை ஈரம்.

"பிள்ளை, சண்டை நேரம் சம்பூரில இருந்து ஒருக்கா எல்லாத்தையும் விட்டுட்டு எழும்பி ஓடினனான். இன்னொருக்கா எழும்ப எனக்கு ஏலாது."

இருபது வருடத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன முழுக்கதையும் இதுதான்.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாள், படிவமும் சான்றுகளும் அடங்கிய கோவையைக் கொண்டுவந்தார். "உமது கற்பித்தலின் விளைவை விளக்குக" என்ற இடத்தில் "இணைப்பு இரண்டு, மூன்று பார்க்க" என்று மட்டும் எழுதியிருந்தார். இணைப்பு இரண்டு, சல்லி மீனவர்கள் எழுதிய பதினொரு கடிதம். எல்லாம் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில். யோகராசா என்பவர் எழுதியிருந்தார்: "வாளி சேரின்ர மாணவர்கள் வந்து சொல்லித் தந்தபிறகு சின்ன அட்டையளைத் திருப்பிக் கடலில விடுறம். இப்ப கரையிலயே பெரிசு அம்பிடுது. சேருக்கு நன்றி. மழைக்கு முன்னம் ஒருக்கா வரச் சொல்லவும்."

இணைப்பு மூன்று, வாளி. உள்ளே விரலளவு அட்டைக் குஞ்சுகள். வாளியின் கழுத்தில் "இணைப்பு 3" என்று துண்டு கட்டியிருந்தது.

நான் விதியைச் சொன்னேன். "சேர், கடிதங்கள் கடிதத்தலைப்பில இருக்கவேணும்."

"யோகராசாட்டக் கடிதத்தலைப்பு இல்லை. வள்ளத்தில பேர் எழுதியிருக்கு. அதைக் கொண்டு வரட்டோ?"

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு யோகராசாவையே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சாரமும் சேர்ட்டுமாக அந்த மனிதர் பதிவாளருக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, அந்தக் கடிதம் நான் எழுதினதுதான். வேறென்ன சாட்சி வேணும்?"

பதிவாளர் படிவத்தைப் பார்த்தார், யோகராசாவைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

"நீங்கள் சொல்லுறது உண்மைதான். ஆனா ஆளைக் கோவைக்குள்ள வைக்க ஏலாது."

சல்லி மீனவர் சங்கத்திடம் கடிதத்தலைப்பு இருந்தது. முத்திரையும் இருந்தது. அது எனக்குத் தெரியும், சங்கச் செயலாளரின் மனைவி என்னோடு படித்தவள். ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் மறுநாள் காலைக்குள் பதினொரு கடிதமும் முத்திரையோடு வந்திருக்கும். நான் எடுக்கவில்லை. அடுத்த கிழமை எனக்குப் பதவியுயர்வு நேர்முகம் இருந்தது. குழுவில் பதிவாளரும் இருந்தார், அந்த வருடம் விருதுக்கு விண்ணப்பித்திருந்த மற்றவரும் இருந்தார். வாயை மூடிக்கொண்டு "முழுமையற்றது" என்ற முத்திரையை எடுத்துக் குத்தினேன். அட்டை பயந்தால் குடலை விடும் என்கிறார்கள். நான் பயந்தால் என்ன விடுவேன் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மற்ற விண்ணப்பதாரி முதற்பெயர்ப் பேராசிரியர். யார் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலும் அவருடைய பெயர் முதலில் வரும், அதனால் மாணவர்கள் வைத்த பட்டம். அந்த வருடம் அவர் இணைத்த நான்கு கட்டுரையும் தொட்டி அறையில் அட்டை பொரித்த கதைதான். கிண்ணியாப் பிள்ளையின் பெயர் மூன்றாவதாக இருந்தது. வாளி சேரின் பெயர் கடைசிப் பக்கத்து நன்றியுரையில் இருந்தது: கடல்நீர் விநியோகத்தில் உதவியமைக்காக. முத்திரைகள் எல்லாம் சரியாக இருந்தன.

விருதும் சரியாக அவருக்கே போனது. அவருடைய ஆய்வுகூடம் மேல்மாடியில், குளிரூட்டியோடு. அதற்கு ஐந்து வருடப் பாதுகாப்பு.

பாராட்டுரை எழுத உட்கார்ந்தேன். பழையதை எடுத்துப் பெயரை மாற்றக் கை வரவில்லை. ரோசம் வந்தது, ஆனால் வந்தது பிந்தி. புதிதாக எழுதினேன். முழங்கால்வரை நனைந்த வகுப்பு, கையை மணந்து போட்ட வரவு, அழுத மாணவிக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் பேசாமல் நின்றது, நாட்காட்டித் தாளில் வந்த நன்றி, ஒன்றையும் விடவில்லை. மேலே பேராசிரியரின் பெயரைப் போட்டேன். வாசிக்கும்போது சபைக்கு விளங்கும், அந்த ஆளுக்கு வெட்கம் வரும் என்று கணக்குப் போட்டேன்.

சபைக்கு விளங்கியது. வாசிக்க வாசிக்க மாணவர்கள் எல்லோரும் கழுத்தைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். அங்கே வாளி சேர் தலையைக் குனிந்தபடி இருந்தார். பேராசிரியருக்கோ கண் கலங்கியது. கைலேஞ்சியை எடுத்துத் துடைத்துக்கொண்டார். தன்னைப் பற்றித்தான் என்று அவர் முழுமனதாக நம்பினார். அன்றிலிருந்து வெட்கத்தை நம்பி நான் எந்தக் கணக்கும் போடுவதில்லை.

பிறகு புகைப்படம். பேராசிரியர் கையில் ஒரு அட்டையோடு நின்றால் வடிவாக இருக்கும் என்று யாரோ சொல்ல, தொட்டி அறையில் இருந்து தாய் அட்டையைக் கொண்டுவந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேராசிரியர் ஒரு கடலட்டையைத் தொட்டார். இறுக்கிப் பிடித்தார். ஃபிளாஷ் அடித்தது. அட்டை தன் குடல் முழுவதையும் அவருடைய கோட்டில் விட்டது.

சபை சிரித்தது. சிரிக்காதவர் வாளி சேர் ஒருவர்தான். கதிரைகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடினார்.

"விடுங்கோ சேர், விடுங்கோ! அது பயந்திட்டுது!"

இரண்டு கையாலும் வாங்கி, வாளிக்குள் மெல்ல இறக்கினார். பேராசிரியர் குனிந்து பார்த்துக் கேட்டார்.

"இதுக்கு இப்ப என்ன செய்யிறது?"

"பயப்பிடாதேங்கோ. ரெண்டு மாதத்தில குடல் திரும்ப வளந்திடும்."

"நான் என்ர கோட்டைக் கேக்கிறன்!"

"கோட்டு வளராது, சேர்."

அடுத்த மாதம் தொட்டிகளை உடைத்தார்கள். வாளி சேர் அறைப் பூட்டின் திறப்பை ஒப்படைக்க என்னிடம் வந்தார். அன்றைக்குத்தான் அவரை வாளியில்லாமல் பார்த்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"சேர், என்னில கோவமோ?" என்று கேட்டேன்.

"உங்களில என்ன கோவம்? நல்லா எழுதியிருந்தீங்கள். கேக்கேக்க, அந்த ஆளிட்டப் படிக்கவேணும் போல இருந்துது."

உண்மையாகவே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு சம்பூர்ப் பக்கம் போய்விட்டார். கரையில் அடைப்பு போட்டு அட்டை வளர்க்கிறாராம். அங்கேயும் வாளியோடுதான் திரிகிறாராம். கிண்ணியாப் பிள்ளை சொன்னாள்.

எனக்குப் பதவியுயர்வு கிடைத்தது. இப்போது தர மேம்பாட்டு அலகுக்குப் பொறுப்பு நான்தான். என் மேசை அந்த அறையில்தான் இருக்கிறது. நிலத்தின் சரிவை யாரும் சரிசெய்யவில்லை. சில்லு வைத்த என் கதிரை கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு மூலையிலுள்ள துவாரத்துக்குப் போய் நிற்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காலால் உந்தி மேசைக்குத் திரும்பி வருகிறேன். சுவரில் இன்னும் உப்புப் பூக்கிறது. எத்தனை தரம் பெயின்ட் அடித்தாலும் பூக்கிறது. கந்தோரில் ஒருவரும் இல்லாத நேரம் சில நாள் என் கையை மணந்து பார்ப்பேன். இறப்பர் முத்திரை மை மணக்கும்.

அந்தப் பாராட்டுரையைத்தான் இங்கே திரும்பவும் எழுதியிருக்கிறேன். பெயர் போட இப்போதும் பயம்தான், சேர். ஆனால் இந்தமுறை ஆளை மாற்றவில்லை.