இறங்கியேறி அண்ணையும் கண்டி மலையும்

ரயிலை விட்டு இறங்குவதற்காகவே ரயிலில் ஏறிய மனிதர் இலங்கைத் தீவில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கந்தோரில், எனக்கு இரண்டு மேசை தள்ளி இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். மற்ற நாட்களில் மேலதிகாரி தொடக்கம் தேநீர் கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் அவர் 'இறங்கியேறி'.

அவர் பருத்தித்துறைக்காரர். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர் பஸ் உண்டு. மற்றவர்கள் அதில் ஏறி, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, பட்டணத்தில் இறங்குவார்கள். இவர் நெல்லியடியில் இறங்குவார். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவருக்கு ஒன்றுவிட்ட மைத்துனர். ஒரு தேத்தண்ணி கிடைக்கும். அடுத்த பஸ்ஸில் ஏறி அச்சுவேலியில் இறங்குவார். அங்கே பள்ளித் தோழர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் வடை. பிறகு கோப்பாயில் இறங்கி, தபால் கந்தோருக்குப் பக்கத்து வீட்டில் அன்றைய பேப்பர். கந்தோர்க் கதிரையில் வந்து அமரும்போது அவருக்குக் காலைச் சாப்பாடும் உலக நடப்பும் முடிந்திருக்கும். எங்களுக்குப் பாதிக் காலை முடிந்திருக்கும்.

"பஸ் காசு கூடப் போகுமே, அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பஸ் காசை மட்டும் பாக்கிறாய். தேத்தண்ணி, வடை, பேப்பர் மூண்டும் ஆர் தந்தது? உன்ரை நேர் பஸ் தந்ததே?"

இந்தச் சித்தாந்தத்தை அவர் நீண்ட பயணங்களுக்கும் விரித்திருந்தார். அரசாங்க ஊழியர்களான எங்களுக்கு ஆண்டுதோறும் சில ரயில்வே வாரண்டுகள் கிடைக்கும். அவற்றைக் காட்டினால் குடும்பத்தோடு ரயிலில் சும்மா போகலாம். ஆனால் ரயில் சோறு போடாது, பாய் விரிக்காது. அதற்கு இறங்கியேறி கண்ட வழி முருங்கைக்காய். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணம் தொடக்கம் கொழும்பு வரை ரயில் நிலையங்களில் எங்கடை ஆக்கள்தான் பாதிப்பேர் வேலை பார்த்தார்கள். ஊர் முருங்கைக்காய், பனங்கிழங்கு ஒடியல், மாம்பழம் என்றால் கண் கலங்குவார்கள். ஆகவே ஒரு சாக்கு முருங்கைக்காயோடு ஏறி, நிலையத்துக்கு நிலையம் இறங்கி, கட்டுக் கட்டாகக் கொடுத்து, சாப்பிட்டு, படுத்து, எழும்பிப் போனால் நாட்டைச் சுற்றிவர ஒரு சதமும் செலவில்லை என்பது அவர் கணக்கு.

கணக்கில் ஒரே ஒரு பிழை இருந்தது. எங்கடை ஆக்களின் வீட்டில் கைநிறையக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் எழும்பிவிட முடியாது. அவர்களோ நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுப்பை மூட்டுவார்கள். சோறு வடித்து, குழம்பு வைத்து, "வெறுஞ்சோத்தையே குடுக்கிறது?" என்று பொரியலும் முடித்து இலை போடும்போது தூரத்தில் ரயில் கூவிக்கொண்டு போகும்.

கொழும்பில் நடந்த ஒரு கலியாணத்துக்கு எங்கள் தலைமை எழுதுவினைஞர் அவரோடு புறப்பட்டார். தாலி கட்டுக்குப் போனவர் மூன்று நாள் பிந்தி நாலாஞ்சடங்குக்குப் போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்து அவர் மேசையில் குத்திக் கத்தியது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"உவனோடை இனிச் சந்திக் கடைக்கும் போகமாட்டன்!"

"ஏன் ஐயா கோவிக்கிறியள்? நாலாஞ்சடங்குச் சாப்பாடு திறம் எண்டு நீங்கள்தானே சொன்னியள்?" என்றார் இறங்கியேறி.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் அவரோடு போனேன். 1983 சித்திரை, வருடப்பிறப்புக்கு அடுத்த கிழமை. ஆடிக் கலவரத்துக்கு முந்திய சித்திரை. அந்த ஆண்டின் நாட்களை எங்கள் ஊரார் அப்படித்தான் எண்ணுவார்கள். புறப்பட்டது புதன்கிழமை. வியாழன் என்று என் மனைவி இன்றும் வாதாடுகிறாள். புதன்தான்.

மனைவி பவளம் உரும்பிராய்க்காரி. வெங்காயமும் புகையிலையும் பயிரிடும் வீட்டுப் பிள்ளை. மணமாகி ஓராண்டு ஆகவில்லை. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: மலை பார்க்க வேண்டும். எங்கள் குடாநாட்டில் ஏறி நின்று பார்க்க ஒரு மேடுகூடக் கிடையாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் சித்திரம் கீறச் சொன்னால் நாங்கள் எல்லோரும் இரண்டு மலை, நடுவில் சூரியன் என்றுதான் கீறுவோம். பவளத்தின் மலைகளுக்கு ரீச்சர் முழுப் புள்ளி கொடுத்தாராம். அன்று பிடித்த ஆசை.

"இஞ்சருங்கோ, மலையை அண்ணாந்து பாக்கேக்கை கழுத்து நோகுமோ?" என்று புறப்படுவதற்கு முதல் நாள் கேட்டாள்.

"போய்ப் பாப்பம்."

"ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன், கண்டிக்குப் போறன் எண்டு. காணாமல் திரும்பினால் நான் கிணத்தடிக்குப் போகேலாது."

எனக்குக் கிடைத்த லீவு அந்தக் கிழமை, ஞாயிறு வரை மட்டும். திங்கள் காலை கந்தோரில் நிற்க வேண்டும். இவ்வளவையும் இறங்கியேறியிடம் விளக்கினேன். அவர் நெஞ்சில் கை வைத்து, "என்ரை தங்கச்சிக்கு மலை காட்டுறது என்ரை பொறுப்பு" என்றார். அந்தப் பொறுப்பில் முருங்கைக்காயும் சேர்த்தி என்பது எனக்கு ஸ்ரேஷனில், அவர் தோளில் இருந்த சாக்கைக் கண்டபோதுதான் தெரிந்தது.

யாழ்தேவி ரயில் கிளிநொச்சியைத் தாண்டியதும் அவர் கைகள் பரபரத்தன. வவுனியாவில் இறங்கினோம். பொருட்பகுதி எழுதுவினைஞர் ஒருவர், கரவெட்டிக்காரர், முருங்கைக்காயை மோந்து பார்த்து, "எங்கடை மண் மணக்குது" என்றார். மத்தியானம் சாப்பிட்டோம். ரயில் போய்விட்டது. "இரவைக்குப் பிட்டு" என்றார்கள். அதற்கும் இருந்தோம். மறுநாள் புறப்படும்போது ஒரு மூட்டை உளுந்து ஏற்றிவிட்டார்கள்.

அனுராதபுரத்தில் சமிக்ஞை அறைக்காரர். அவர் வீட்டில் அப்போதுதான் ஆடு அடித்திருந்தார்கள். அங்கே ஒன்றரை நாள். போகும்போது மடியில் இரண்டு பூசணிக்காய். மாகோவில் ஒரு பழைய கூட்டாளி, இடியப்பமும் சொதியும். ஒரு போத்தல் தேன். அங்கே ரயிலைத் தவறவிட்டு, குருநாகல் வரை பஸ்ஸில் நின்றபடி போனோம். பூசணிக்காய்க்கு மட்டும் இருக்கை கிடைத்தது. முருங்கைக்காய் குறையக் குறையப் பூசணிக்காய் கூடியது. பவளம் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிறு காலை பொல்காவலைச் சந்தி. கண்டிக்கு ரயில் மாறும் இடம். திங்கள் காலை நான் கந்தோரில் இருக்கவேண்டுமானால், அன்றிரவு வடக்கே போகும் மெயிலில் ஏறியே ஆகவேண்டும். இடையில் கண்டிக்குப் போய்வர வாய்ப்பு ஒன்றே ஒன்று: இன்னும் சற்று நேரத்தில் வரவிருந்த வண்டி.

ஆனால் அங்கேயும் ஒருவர் இருந்தார். உதவி ஸ்ரேஷன் மாஸ்டர், சாவகச்சேரிக்காரர். எங்களைக் குவார்ட்டர்ஸுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"கண்டி வண்டி இப்ப வந்திடுமே, மாஸ்டர்?" என்றேன்.

"அது வந்தால் வந்திட்டுப் போகட்டும். பின்னேரமும் ஒண்டு இருக்கு" என்றார், ரயில்களை அனுப்புவதற்காகவே சம்பளம் வாங்கிய மனிதர்.

"பின்னேரம் போனால் மெயில் பிடிக்கேலாதே!"

"நாளைக்கும் மெயில் வரும், தம்பி."

குசினியிலிருந்து, கையில் அகப்பையோடு, அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "சேவல் அடிச்சாச்சு. இனி ஒருத்தரும் வெளிக்கிடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

பவளம் எழும்பினாள். வவுனியாவுக்குப் பிறகு அவள் ஒரு முழு வசனம் பேசியது அப்போதுதான். பேசியது இறங்கியேறியிடம்.

"அண்ணை, வவுனியாவிலை சோறு. அனுராதபுரத்திலை ஆடு. மாகோவிலை இடியப்பம். நான் மலை பாக்க வந்தனான், அண்ணை. இஞ்சையிருந்து திரும்பினால் நான் கண்டது முழுக்க மற்றாக்களின்ரை குசினிதான்." முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

இறங்கியேறி கையில் இருந்த முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்தார். ஒரு சாப்பாட்டுக்கு எதிராக யாராவது கண்ணீர் விடுவார்கள் என்பது அவர் சித்தாந்தத்தில் இல்லாத சங்கதி. தூரத்தில் ரயில் கூவியது. அடுத்து அவர் செய்ததை நான் அவரிடமிருந்து எதிர்பார்த்திருக்கவே மாட்டேன்.

"அக்கா!" என்று குசினியைப் பார்த்துக் கூப்பிட்டார். "மூண்டு இலையையும் என்ரை முன்னாலை போடுங்கோ."

"என்ன கதை உது?"

"இவை ரெண்டு பேற்றை பங்கையும் நான் சாப்பிடுறன். ஒரு சோறு மிஞ்சாது. உங்களுக்கு ஒரு குறையும் வராது." எங்களைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "இன்னும் என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஓடுங்கோ! பூசணிக்காயை விட்டிட்டு ஓடுங்கோ!"

ஓடினோம். பவளம் எனக்கு முன்னால் ஓடினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

றம்புக்கணையில் ரயிலின் வாலில் இன்னொரு எஞ்சினைப் பூட்டினார்கள். "ஏன் பின்னாலையும் ஒண்டு?" என்று கேட்டாள். "ஏறப்போறம், தள்ளவேணும்" என்றேன். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம், சுரங்கம், வெளிச்சம், மீண்டும் சுரங்கம். கடுகண்ணாவைக்குக் கிட்ட, அடுக்கடுக்காக நீல மலைகள் திறந்தபோது யன்னல் கம்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்தாள்.

"நோகுதப்பா," என்றாள். "கழுத்து நோகுது." அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

கண்டியில் அதிக நேரம் நிற்க வாய்க்கவில்லை. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த வண்டியில் இறங்கி வந்தோம்.

பொல்காவலை மேடையில் விளக்கு வைத்துவிட்டார்கள். ஒரு நீள மர வாங்கில் இறங்கியேறி மல்லாந்து கிடந்தார். சேட்டின் கீழ்ப் பொத்தான்கள் மூன்றும் திறந்திருந்தன. பக்கத்தில் காவலுக்குப் பூசணிக்காய்கள்.

"அண்ணை, உயிரோடைதானே இருக்கிறியள்?"

"மூண்டாவது இலையிலை பாயாசமும் விட்டவ," என்றார், கண்ணைத் திறக்காமல். "தங்கச்சி பாத்தவவே?"

"ஓம் அண்ணை, பாத்தன்."

"எப்பிடி?"

"ஏன், நீங்கள் பாக்காததே?"

அவர் மெல்ல எழும்பி உட்கார்ந்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார். பிறகு, தண்டவாளம் வளைந்து கிழக்கே போகும் பக்கத்தைப் பார்த்தார்.

"இஞ்சை வரைக்கும் எத்தினையோ தரம் வந்திட்டன், பிள்ளை. அந்த வளைவுக்கு அங்காலை போக ஒருநாளும் சோறு விடேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது, பவளத்துக்கு வரவில்லை. அவள் வாங்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, றம்புக்கணையில் பின் எஞ்சின் பூட்டியதிலிருந்து தொடங்கினாள். ஒரு வளைவையும் விடவில்லை. கையை உயர்த்தி உயரம் காட்டினாள். தாழ்த்திப் பாதாளம் காட்டினாள். அவர், இலை போடக் காத்திருப்பவரைப் போல, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மெயில் வந்து நின்றபோது அவள் முதலாவது சுரங்கத்துக்குள்தான் இருந்தாள். நான் பூசணிக்காய்களையும் உளுந்தையும் தேனையும் ஏற்றி முடித்து, கதை அறுந்து போகாதபடி, ஒருவரைத் தோளிலும் ஒருவரைக் கையிலும் பிடித்து மெதுவாக உள்ளே ஏற்றினேன்.