பல்லில் ஒட்டிய டேப்

"இதைக் குணமாக்க முடியும்னு ஆதாரம் இருக்கா, டாக்டர்?"

பல் டாக்டரின் நாற்காலியில் எட்டு வயது மகள் வாயைப் பிளந்தபடி சாய்ந்திருக்க, ஷேடு சார் கறாராகக் கேட்டார். வாடிக்கையாளர் கொண்டுவரும் சுவர்ச் சில்லைப் பார்த்து அதே நிறத்தில் பெயிண்ட் கலந்து கொடுப்பது அவர் வேலை. வெள்ளையிலேயே நாற்பது வெள்ளை தெரியும் என்பதால் பெயிண்ட் கடையில் அவருக்கு வைத்த பெயர்தான் ஷேடு சார். அப்பேர்ப்பட்டவர் பெற்ற பெண்ணின் முன்பல் இரண்டிலும் மஞ்சள் திட்டு! சிரிக்கும்போதெல்லாம் அவள் கையால் வாயைப் பொத்திக்கொள்வதைப் பார்த்துத்தான் இங்கே அழைத்து வந்திருந்தார்.

"இது அழுக்கும் இல்ல, சொத்தையும் இல்ல," என்றார் டாக்டர். "பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போதே மேல்பகுதி சரியா கெட்டிப்படல. தடவுற க்ரீம் இருக்கு, வேற வழியும் இருக்கு. ஆனா எல்லாத்துக்கும் சின்னச் சின்ன ஆராய்ச்சிதான் நடந்திருக்கு. சில பிள்ளைங்களுக்குத் திட்டு குறையுது, சிலருக்குக் குறையல. இவளுக்கு வலி, கூச்சம் எதுவும் இல்ல. காத்திருந்தும் பார்க்கலாம்."

"அப்ப உறுதியா தெரியாது?"

"தெரியாது."

தெரியாது என்பதை இவ்வளவு நிம்மதியாகச் சொல்லும் டாக்டரை அவர் பார்த்ததே இல்லை. க்ரீமை வாங்கிக்கொண்டார். ஆதாரத்தைத் தானே கண்டுபிடிப்பதென்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு கட்டிவிட்டார்.

திட்டம் ரொம்பச் சுலபம். வலது பல்லுக்கு க்ரீம், இடது பல் சும்மா. காலையில் அவர் தடவுவார், சாயங்காலம் மனைவி தடவுவாள். திட்டு வலதில் மட்டும் மங்கினால் க்ரீம் வென்றது.

சில வாரம் போயிற்று. இரண்டு பல்லும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன.

"நீ எந்தப் பல்லுல தடவுற?" என்றார் மனைவியிடம்.

"வலதுலதான்." அவள் மகளின் எதிரே நின்று தன் வலது கைப்பக்கம் இருந்த பல்லைத் தொட்டுக் காட்டினாள்.

"ஐயோ, அது அவளோட இடது!"

"தடவுறது நான். என் வலதுதானே வலது?"

ஆராய்ச்சி மண்ணைக் கவ்வியது. ஷேடு சார் அசரவில்லை. பெயிண்ட் வழியாமலிருக்க ஜன்னல் சட்டத்தில் ஒட்டும் டேப்பில் ஒரு துண்டு கிழித்து, க்ரீம் படக்கூடாத பல்லின்மேல் ஒட்டினார். தடவி முடித்ததும் உரித்துவிட வேண்டும். ஒருநாள் காலை அவசரத்தில் மறந்தே போனார்.

பத்து மணிக்கு ஸ்கூலிலிருந்து டீச்சர் கூப்பிட்டார்.

"சார், உங்க பொண்ணு பல்லுல டேப் ஒட்டிக்கிட்டு வந்திருக்கா. என்னன்னு கேட்டா, 'அப்பா இன்னும் பெயிண்ட் அடிச்சு முடிக்கல'ங்கறா."

டேப் ஒழிந்தது. அடுத்து, கடையின் நிற அட்டைகள் வீட்டுக்கு வந்தன. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் பல் ஒரு நிறம், ட்யூப்லைட்டின் கீழே வேறு நிறம். ஈரமாக இருந்தால் ஒன்று, காய்ந்தால் இன்னொன்று. ஈரம்தான் ஏமாற்றுகிறது என்று தோன்றவே, மகளை நாற்காலியில் உட்கார்த்தி, வாயைத் திறக்கச் சொல்லி, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டார்.

"ஏங்க, அது பிள்ளையா, துவைச்சுப் போட்ட துணியா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த வேகத்தில் கை வாய்க்குப் போனது. ஷேடு சாருக்கு மனசு விட்டுப்போயிற்று. ஃபேனை நிறுத்தி, மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் டாக்டரிடம் போனார்.

வலது இடது குழப்பத்தைக் கேட்டுக்கொண்டே டாக்டர் பல்லை நன்றாகப் பார்த்தார். "கொஞ்சம் மங்கின மாதிரிதான் இருக்கு. க்ரீமாலயா, தானாவான்னு சொல்ல முடியாது. ரெண்டுலயும் தடவிட்டீங்க, ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்ல."

"நிறம் எப்படியோ போகட்டும், டாக்டர்," என்றார் ஷேடு சார். "என் பொண்ணு கையை எடுத்துட்டுச் சிரிச்சாப் போதும். டேப் ஒட்டிப் பார்த்தேன், ஃபேன் போட்டுக் காய வச்சுக்கூடப் பார்த்தேன்..."

"காய வச்சீங்களா?"

டாக்டருக்குச் சிரிப்பு பீறிட்டது. மகளும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சோகமாக நின்ற ஷேடு சாருக்கே அடக்க முடியவில்லை. உடம்பு அதிரச் சிரித்தார்.

பஞ்சு எடுத்து வைத்துக்கொண்டிருந்த நர்ஸம்மா மகளிடம் குனிந்தார். இத்தனை நாளும் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றாததை அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"ஏன் பாப்பா வாயைப் பொத்திக்கிற? பல்லு நல்லா இல்லைன்னு நினைக்கிறியா?"

"பல்லுக்கு என்ன?" என்றாள் அவள், புரியாமல். "அப்பா மாதிரி சிரிக்கிறேன். இப்பக்கூடப் பாருங்க, கையை எடுக்கவே மாட்டேங்கறார்!"