பிரிசில்லாவின் வெயில் க்ரீம்

வெயிலுக்குப் பயப்படுகிற ஜனங்கள் பெருகிப்போய்விட்டார்கள் என்பது முத்துசாமியின் தீர்மானம். வெயிலில் நாற்று நட்டு, வரப்போரத்திலேயே பிள்ளை பெற்ற பரம்பரை. இப்போது கொடியில் துணி காயப்போடுவதற்கே முகத்துக்கு வெள்ளையடித்துக்கொள்கிறது. வேறு யாருமில்லை, அவர் பெற்ற மகள்தான்.

பிரிசில்லாவுக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. ஏழாவது மாதம், பிரசவத்துக்கு மாமல்லபுரத்துக்கு வந்திருந்தாள். கன்னம் இரண்டிலும் டிகாக்‌ஷன் சிந்தியதுபோல் கருந்திட்டு. பிள்ளைத்தாய்ச்சி உடம்புக்கு அப்படி வருமாம். வெயில் பட்டால் இன்னும் கருக்குமாம். உச்சிப்பொழுதில் வெளியே போகக் கூடாதாம். போனால் அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகிறதாகப் பார்த்து டாக்டரம்மா சொன்ன க்ரீம்.

முத்துசாமி எதையும் நம்பவில்லை. க்ரீம் பூசித்தான் கருத்தது என்பது அவர் கட்சி. மேலே பூசுவது உள்ளே இறங்கிப் பிள்ளைக்கு ஆகாமல் போனால்? அந்த நினைப்பில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அத்தத் தூக்கிக் கடாசு. இன்னா கெமிக்கலோ."

"நைனா, ஜன்னல்ல கீற டியூபைத் தொட்டுப் பாரு, நான் மாமியார் வூட்டுக்கே போயிடுவேன்."

போகிறவள்தான். மதுராந்தகத்தில் பெற்றுக்கொண்டால், இவர் பேரப்பிள்ளையை பஸ் ஏறிப் போய் விருந்தாளியாகப் பார்க்க வேண்டும்.

எனவே அவளுக்குத் தெரியாமல் சோதித்துவிடுவது என்று முடிவெடுத்தார். விஷமென்றால் முதலில் தன்னைத் தின்னட்டும்.

கடற்கரையில் கார் நிறுத்துமிடத்தில் அவருக்கு வேலை; நாள் முழுக்க வெயில், பின்கழுத்து தோலுரிந்து கிடந்தது. முதலில் கையில் பூசினார். ஒன்றும் ஆகவில்லை. மாட்டுத்தோல், அதற்கென்ன தெரியும்? மறுநாள் முகத்திலும் பின்கழுத்திலும் அப்பினார். துடைக்கத் துடைக்க வெள்ளை பரவியதே தவிர, போகவில்லை. மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தவரை மனைவி மார்கரெட் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாய்யா, சாம்பல் புதனா இன்னிக்கு?"

முகத்தை மறைக்க மகளின் பூப்போட்ட குடையை எடுத்துப்போனார். கடற்கரையைச் சுற்றிப்பார்க்க வந்த பொத்தேரி காலேஜ் பிள்ளைகள் அவரைக் குடைக்காரர் என்று நினைத்து விலை கேட்டு மொய்த்தார்கள். அவர்களிடமிருந்து தப்பிச் சவுக்குத்தோப்பு நிழலில் ஒதுங்கினார்.

நிழல் பொல்லாதது. வேர்வையோடு க்ரீம் கண்ணில் இறங்கியதும் கடல் பாலாகிவிட்டது. கானலில் கார்கள் வவ்வால்மீன்போல ஓசையில்லாமல் நீந்தின. சவுக்கு இலைகள் இரைந்தது அலையா காற்றா என்று பிரித்தறிய முடியாமல் கண் சொக்கியது. நுரைமேல் ஒரு பிள்ளை தவழ்ந்து வந்தது. முகமெல்லாம் வெண்ணெய். அது பொக்கை வாயைத் திறந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. தூக்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

கையில் கேசவன் சட்டை சிக்கியது. கார் நிறுத்துமிடத்தைக் காண்ட்ராக்ட் எடுத்தவன். அவனுக்குப் பின்னால் கார்கள் ஒன்றையொன்று மறித்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"மூஞ்சில மாவு, கையில பூக்கொடை. இன்னா பெருசு, கூத்தாடப் போறியா? இனிமே இங்கயே குந்திக்கினு டோக்கன் கிழி. வெளிய வந்து நின்னா வர்றவன் பயந்துக்கிறான்."

அன்றிலிருந்து நாளெல்லாம் நிழல். உத்தியோகத்தில் இறக்கிவிட்டார்கள் என்று அவருக்கு மனம் குமைந்தது. ஆனாலும் விடவில்லை, தினம் பூசினார். கடைசியில், சோதனை முடியுமுன் டியூப் முடிந்துவிட்டது.

மகள் கண்ணில் படுமுன் வேறு வாங்கி வைத்தாக வேண்டும். மருந்துக்கடைக்கு ஓடினார். கடைப் பெண் சியாமளாவிடம் காலி டியூபை நீட்டி, குரலைத் தாழ்த்தினார்.

"இதே மாதிரி ஒண்ணு குடும்மா. பொண்ணோடது. அதுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்."

சியாமளா டியூபைப் பார்த்தாள். அவரைத் திரும்பச் சொல்லிப் பின்கழுத்தைப் பார்த்தாள்.

"இப்போ தோலுரியறது நின்னுடுச்சு தாத்தா. பிரிசில்லாக்கா அதோடத பீரோல வெச்சுப் பூசுது. இது உங்களுக்குன்னே வாங்கினது. பூசுன்னு சொன்னா எங்க நைனா பூசாது, தொடாதன்னு சொல்லி ஜன்னல்ல வெச்சுடறேன்னு சொல்லிட்டுப் போச்சு."

முத்துசாமி காசை எண்ணி வைத்தார். புது டியூபை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு படியிறங்கி நடந்தார். மருந்து விற்கிறவள், விற்பதற்கு எதையும்தான் சொல்லுவாள்.