மூக்கில் கிளிப் போட்டு வளர்த்த மல்லிகை

ஸ்ரீ:

கும்மிடிப்பூண்டி
17-1-2006

திருவள்ளூரில் பெருமாளுக்கு மாலை கட்டும் கைங்கர்யத்தில் இருக்கும் அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் ஸம்பத்குமார் பல நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஸத்யபாமாவும் குழந்தை ஜானவியும் சௌக்கியம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கப் பிரார்த்திக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். தங்கள் காதுக்குப் பாதிதான் போய்ச் சேரும். போலீஸ் வந்த பாதி மட்டும் சேர்ந்தால் அக்கா பயந்துவிடுவாள். அதனால் கடிதம்.

தை அமாவாசைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தானே, மல்லிப்பூ எங்கே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஜானவிக்கு ஏழு வரன் தட்டிப்போன பிறகு, எட்டாவது கூடிவந்தால் என் கையால் வளர்த்த மல்லியில் தை அமாவாசையன்று வீரராகவனுக்கு ஒரு மாலை என்று வேண்டிக்கொண்டவன் நான்தான். கூடிவந்துவிட்டது. மாசியில் கல்யாணம். மாலை சாத்தாமல் ஒரு பத்திரிகைகூட வாசலைத் தாண்டாது என்று ஸத்யபாமா எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை வீட்டார் தினமும் போன் செய்து, "பத்திரிகை இன்னும் வரலையே" என்கிறார்கள். கேட்கும் தொனி நாளுக்கு நாள் மாறுகிறது. ஜானவி போன் அடித்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள்.

வேண்டிக்கொண்ட அவசரத்தில் இரண்டு விஷயங்களை மறந்துவிட்டேன். தையில் மல்லி பூக்காது. அப்படியே பூத்தாலும் இந்த ஊரில் வெள்ளையாக இருக்காது, சாயங்காலம் இலையைத் தொட்டால் விரலில் கரி ஒட்டும். ஆகவே ஜானவி படித்த அறைக்குள்ளேயே இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, தார்ப்பாய் போர்த்தி, உள்பக்கம் வெள்ளிக் காகிதம் ஒட்டி, எட்டு ட்யூப்லைட் மாட்டி, பன்னிரண்டு தொட்டிகளை வைத்தேன், வெயில்போல வெளிச்சமும் சூடும் இருந்தால் செடி மாதத்தை மறந்துவிடும் என்று கணக்கு, ஆனால் மூன்றே நாளில் உள்ளே இட்லிப் பானைபோல ஆகி இலையெல்லாம் தொங்கிவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் புகையை வெளியே தள்ளும் பிரிவில் போர்மேனாக இருந்தவனுக்கு இது ஒரு விஷயமா? கீழே காற்று நுழைய ஒரு ஓட்டை, அதற்குக் கொசுவலை, மேலே இழுத்துத் தள்ள ஒன்பது அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், அதிலிருந்து ஜன்னலுக்கு ஒரு குழாய், மீதி ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம். ஸ்விட்சைப் போட்டதும் கூடாரம் வயிறு ஒட்டினாற்போல உள்ளே இழுத்துக்கொண்டது. கசிவு இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். செடி பிழைத்தது. மார்கழிக் கடைசியில் முதல் பூக்கள் விரிந்தன.

அன்றைக்கே பக்கத்து வீட்டு நர்ஸ் ஆரோக்கியமேரி ஜன்னலுக்கு நேரே நின்று, "இன்னா சாமி, உங்க ஊட்டாண்ட வந்தாலே கமகமன்னு கீது. டூட்டி முடிச்சிக்கினு வந்த தலைவலியே பூட்ச்சு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸத்யபாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்னா, ஊரே மோந்து பாத்த புஷ்பத்தை எப்படிப் பெருமாளுக்குச் சாத்தறது?"

நாச்சியார் சூடிக் கொடுத்த மாலையையே அவர் ஏற்றுக்கொண்டாரே என்றேன். "நம்ம தெருவில யார் நாச்சியார்?" என்றாள். விரிந்த பூக்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மொட்டுகளாவது தப்பட்டும் என்று வேலையில் இறங்கினேன். ஓட்டை போட்ட தகரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளை, நடுவில் கரி. காற்று கரியைத் தாண்டித்தான் ஃபேனுக்குப் போக வேண்டும், வாசனையைக் கரி பிடித்துக்கொள்ளும். முதல் நாள் கரியைக் கழுவாமல் போட்டதில் தூளெல்லாம் பறந்து, ஆரோக்கியமேரி கொடியில் உலர்த்தியிருந்த வெள்ளை யூனிபார்மில் இறங்கிவிட்டது. "பரவால்ல சாமி, ப்ளீச் போட்டா பூடும்" என்றாள். தங்கமான பெண். பிறகு கழுவி உலர்த்தி, என் பழைய வேஷ்டியை உறையாகச் சுற்றினேன்.

வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? நானே முகர்ந்து பார்த்து வாசனை வந்துவிட்டால் பூ போச்சு. ஆகவே தண்ணீர் விடப் போகும்போதுகூட நானும் ஸத்யபாமாவும் மூக்கில் துணி கிளிப் போட்டுக்கொண்டுதான் போனோம். ஸத்யபாமா சுவரோரமாக நின்று ஆரோக்கியமேரியிடம் விஷயத்தை நாசூக்காகச் சொல்லி, தினமும் "வாசனை வரதா?" என்று கேட்பாள். "ஒண்ணும் வர்லம்மா" என்று தினமும் பதில் வரும். என் வேலையில் குறை இருந்ததில்லை என்பது தாங்கள் அறிந்ததே.

நேற்றுக் காலை ஏட்டு அரசப்பன் வந்தார். "தப்பா நெனைக்காதீங்க சாமி. புச்சா குடிவந்த ஒருத்தர் கம்ப்ளைண்ட்டு. தெருவே உங்க ஊட்டத் தாண்டும்போது மூக்கைப் புடிச்சிக்கினு போவுதாம். ஜன்னலுக்குக் கறுப்பு பேப்பரு, நாள் பூரா மிஷினு. உள்ள இன்னா இலை வளக்கிறீங்க?"

தூக்கிவாரிப் போட்டது. வாசனையே வராத வீட்டுக்கு யார் மூக்கைப் பிடிப்பார்கள்? தாராளமாகப் பாருங்கள், ஆனால் மூக்கை மூடிக்கொண்டு பாருங்கள் என்று கிளிப்பை நீட்டினேன்.

"இதான் சாமி பேஜாரு. மோந்து பாக்காம நான் இன்னாத்தைக் கண்டுபுடிக்கறது?"

விளக்கிச் சொல்ல அரைமணி ஆயிற்று. கிளிப்போடு உள்ளே போனவர் பன்னிரண்டு தொட்டியையும் பார்த்துவிட்டுக் கும்பிட்டபடி வந்தார். "நம்ம பொண்ணு செல்விக்கும் மாப்ள பாத்துக்கினுதான் கீறோம். மாலை போடும்போது அவ பேரையும் சொல்லுங்க" என்றார். சொல்லிவிடுங்கள் அத்திம்பேரே.

ஆக, மொட்டுகள் பத்திரம். இருபத்தெட்டாம் தேதி பறித்து, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, நானே கொண்டுவருகிறேன். முப்பது வருஷமாகப் பூத் தொடுப்பவருக்கு நான் சொல்லக் கூடாது. இருந்தாலும் இத்துடன் இரண்டு கிளிப் வைத்திருக்கிறேன், ஒன்று தங்களுக்கு, ஒன்று அக்காவுக்கு.

ஜானவியை மனசார ஆசீர்வதிக்க வேண்டும். அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம்.

தாஸன்
ஸம்பத்குமார்

பி.கு: உறையை ஒட்டப் பசை தேடி மேஜை டிராயரைத் திறந்தேன். கரி உருளையின் அடிமூடி அதற்குள் இருக்கிறது. அதாவது மூடியே போடவில்லை, காற்று கரியைத் தொடாமல் நேராகப் போயிருக்கிறது. ஓடிப்போய் ஆரோக்கியமேரியைக் கேட்டேன். "மூச்சு வுட்டாத்தானே சாமி வாசனை வரும்? சாமிக்கு வச்ச பூவுன்னு அம்மா சொன்னாங்கல்ல. உங்க ஊடு தாண்டற வரைக்கும் நான் மூச்சைப் புடிச்சிக்குவேன். தெருவுலயும் எல்லார்ட்டயும் சொல்லிவச்சிக்கீறேன்" என்றாள். அந்தப் புதுக் குடித்தனக்காரரிடம் சொல்ல மட்டும் விட்டுப்போயிற்றாம். அவரும் தெருவே மூக்கைப் பிடிப்பதைப் பார்த்துத் தாமும் பிடித்துக்கொண்டுதான் போனாராம். ஆகவே பூவுக்குக் குறை ஒன்றும் இல்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஸத்யபாமா இடுப்புச் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, முதல் பத்திரிகையில் மஞ்சள் தடவி, சுவருக்கு மேலாக ஆரோக்கியமேரியிடம் கொடுத்துவிட்டாள். பெருமாளுக்கு இரண்டாவதுதான். தாங்கள்தான் அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.