வையிக்கா போட்ட புருவம்

திண்டுக்கல்லில் எத்தனையோ பேர் கடை நடத்தியிருக்கிறார்கள். வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, அவர்கள் வாயாலேயே ஊரை வையவைத்து, கண்ணில் தண்ணீர் வந்ததும் 'சரி, போயிட்டு அடுத்த வாரம் வா' என்று விரட்டியும், கூட்டம் குறையாமல் கடை நடத்திய ஒரே ஆள் எங்கள் வையிக்காதான். தமிழ்நாட்டிலேயே ஒரே ஆள் என்று எழுதத்தான் கை வருகிறது. யாராவது மறுத்துக் கடிதம் போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் திண்டுக்கல்லோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திட்டுவதை எங்கள் பக்கம் வைவது என்போம். அக்காவின் நிஜப்பெயர் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழில் இருந்தது. ஆங்கிலத்தில் சுருள் சுருளாக எழுதியிருந்ததால், கணக்குப் பரீட்சைக்குப் பயந்து ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட எனக்கு அதை எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. தெருவுக்கும் அந்தப் பெயர் தேவைப்படவில்லை. நாள் முழுக்க அந்தக் கடையிலிருந்து வெளியே கேட்டது 'வையி, வையி, இன்னும் நல்லா வையி' என்ற சத்தம்தான். அதனால் வையிக்கா.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். நாகல் நகரில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். எனக்கும் அக்காவின் பியூட்டி பார்லருக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அக்கா பெங்களூரில் ஒரு பெரிய பார்லரில் வேலை பார்த்துவிட்டு, புருவத்தில் பச்சை குத்தும் வித்தையையும், தடித்த பேனா மாதிரி ஒரு மெஷினையும் கொண்டுவந்திருந்தார். மற்ற பார்லர்களில் நூலால் புருவத்தைக் குறைத்துக்கொண்டிருந்த காலத்தில், இல்லாத புருவத்தை உண்டாக்குகிறவர் இவர் ஒருவர்தான்.

எதற்கு இந்த வைகிற வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏலே தம்பி, புருவம்ங்கிறது சும்மா இருக்கிற மூஞ்சிக்குப் போடுறது இல்ல. கோவம் வந்தா எங்க ஏறுது, அழுதா எங்க எறங்குதுன்னு பாக்காம குத்திப்புட்டா, அந்தப் பொம்பள எழவு வீட்டுல போயிச் சிரிச்ச மாதிரி நிப்பா. அந்தப் பாவம் எனக்கெதுக்கு?"

நியாயம்தான். ஆனால் வருகிற பெண்கள் லேசில் வைய மாட்டார்கள். "எனக்கு யாரு மேலயும் கோவம் இல்லக்கா" என்பார்கள்.

"மாமியா?"

"நல்லவுகதான்."

"வீட்டுக்காரரு?"

"தங்கமானவரு."

"நாத்தனா?"

அவ்வளவுதான், சுவர் அதிர ஆரம்பிக்கும்.

இதனால் என் பிழைப்புக்கு வந்த ஆபத்து கொஞ்சநஞ்சமில்லை. ஒருநாள் ஒருவர் என் பூத்துக்குள் நின்று, "ஆபீஸ்ல ஒரே வேலை, வர லேட்டாகும்" என்று மனைவியிடம் குழைந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு குரல்: "என் நகைய வித்துத் தின்னுபுட்டு இப்ப நல்லவனாட்டம் நடிக்கிறியா?" மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, அது யாருன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே" என்று ரிசீவரை என் கையில் திணித்தார். எனக்கோ புதிய ஆட்களோடு போனில் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஒண்ணும் இல்லம்மா, பார்லர்ல இருக்கிற பொம்பளைதான்" என்று சொல்லிவிட்டேன். அந்தக் குடும்பம் அப்புறம் என்ன ஆனதோ, இன்றைக்கும் எனக்குக் கவலைதான்.

இன்னொரு நாள் தொப்பம்பட்டிக்காரர் ஒருவர், 'பச்சை குத்துற கடை' என்று யாரோ சொன்னதை நம்பி வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் மனைவி பெயர் வேண்டுமாம்.

"இங்க புருவம் மட்டுந்தான் அப்பு" என்றார் அக்கா.

அவர் நன்றாக யோசித்தார். "அவ்வளவு தூரத்துல இருந்து பஸ் ஏறி வந்துட்டனுங்க. அப்பப் புருவத்துலயே பேர எழுதீருங்க."

அவரைச் சமாதானப்படுத்தி, மோர் கொடுத்து அனுப்பவேண்டியிருந்தது.

புருவம் குத்த வருகிறவர்களுக்கு மூன்று தினுசு உண்டு என்று அக்கா விளக்குவார். "ஒண்ணு, நாத்து நட்ட மாதிரி ஒத்த ஒத்த முடியாக் கீறுறது. ரெண்டு, பொடி தூவுன மாதிரி நெழலா விடுறது. மூணாவது, சாணிய வச்சு மொழுகுன மாதிரி அப்புறது. மூணாவது வேணும்னா வேற கடைக்குப் போ." சர்க்கரை வியாதி இருக்கிறதா, ரத்தம் நிற்காத கோளாறு உண்டா என்று வக்கீல் மாதிரி விசாரிப்பார். காதுக்குப் பின்னால் அந்த மையை ஒரு பொட்டு வைத்துவிட்டு, அரிப்பு, தடிப்பு ஏதும் வருகிறதா என்று பார்ப்பார். ஊசியை நம் கண்ணெதிரே புதிய உறையிலிருந்து பிரிப்பார். பிறகு, எந்தப் புருவம் வேண்டுமோ அதைப் பென்சிலால் வரைந்து, ஒரு வாரம் அதோடு வாழ்ந்து பார்த்துவிட்டு வரச்சொல்வார். வில் மாதிரி புருவம் கேட்டு அடம்பிடித்த டீச்சர் ஒருத்தர் பாதி வாரத்திலேயே ஓடிவந்துவிட்டார். "பிள்ளைக கேள்வியே கேக்க மாட்டேங்குதுகக்கா. நான் முறைக்கிறேன்னு நெனைக்கிதுக."

இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த எனக்கே அந்த நாற்காலி வாய்த்தது.

எனக்குப் புருவத்தில் புழுவெட்டு வந்தது. சின்ன வெங்காயத்தைத் தேய்க்காத நாளில்லை. வெங்காய வாசம் நின்றது, புருவம் நிற்கவில்லை. முதலில் இடது, அப்புறம் வலது, இரண்டும் சுத்தமாகப் போய்விட்டன. சரியாக அந்த நேரத்தில் நெய்க்காரப்பட்டியில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். "பென்சில்ல வரைஞ்சுக்கிட்டு வாடா. மத்தத மெதுவா சொல்லிக்கலாம்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

சித்திரை மாத வெயில். பெண் வீட்டில் மின்விசிறி இருந்தது, மின்சாரம் இல்லை. வேர்த்தால் மை வழியும், துடைத்தால் புருவமே கையோடு வந்துவிடும். தலையில் தண்ணீர்க்குடம் இருக்கிறவன் மாதிரி அசையாமல் உட்கார்ந்தேன். பஜ்ஜியைத் தட்டிலிருந்து நேர்கோட்டில் வாய்க்குக் கொண்டுபோனேன். வலப்பக்கம் இருந்தவர் ஏதாவது கேட்டால் எதிர்ச்சுவரைப் பார்த்துப் பதில் சொன்னேன். கிளம்பும்போது பெண்ணின் அப்பா என் அம்மாவிடம், "பையன் ரொம்ப அடக்கமுங்க" என்றார். ஆனால் அவர் முகத்தில் ஏதோ யோசனை ஓடியதை நான் பார்த்தேன். கல்யாணம் ஆனியில் என்று முடிவானது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. முதல்நாள் காலையில் முகம் கழுவிவிட்டு வந்து நின்றால், அந்தப் பெண் சாந்தாமணி அலறிக்கொண்டு அப்பன் வீட்டுக்கே ஓடிவிட மாட்டாளா?

வையிக்காவிடம் போய் நின்றேன். "அக்கா, இன்னைக்கே குத்திவிட்ருங்க. சாகுற வரைக்கும் அழியாத மாதிரி."

"அப்புடி ஒண்ணு கெடையாது. சில வருசத்துல மங்கும். எவளாச்சும் அழியவே அழியாதுன்னு சொன்னா நம்பாத."

"வலிக்குமாக்கா?"

"மரப்பு மருந்து தடவுவேன். கட்டெறும்பு ஊருற மாதிரி இருக்கும்."

"ஊருமா, கடிக்குமா?"

"ஊரும். நீ இப்புடிப் பேசிக்கிட்டே இருந்தா கடிக்கும்." பென்சிலைக் கீழே வைத்தார். "ஆனா நீ மட்டும் வந்தா நான் குத்த மாட்டேன். ஒம் மூஞ்சிய நீ எம்புட்டு நேரம் பாக்கப்போற? காலைல சவரம் பண்றப்பப் பாப்ப. மிச்ச நேரமெல்லாம் அந்தப் பிள்ளதான பாக்கணும்? அவளக் கூட்டிட்டு வா, அவ சொல்ற புருவத்தப் போடுறேன்."

கெஞ்சினேன், அழுதும் பார்த்தேன். அழுதபோது என் நெற்றி எங்கே சுருங்குகிறது என்று அக்கா குறித்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் என் பூத்திலிருந்தே சாந்தாமணி வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டேன். அவள் லைனில் வந்து "ஏனுங்க?" என்றதும் எனக்குப் பேச்சே வரவில்லை. அக்கா ரிசீவரைப் பிடுங்கினார். "அம்மாடி, மாப்பிள்ளை மூஞ்சி விசயமா நீ நேர்ல வந்து ஒண்ணு முடிவு பண்ணணும். ஒடஞ்சு போச்சான்னா கேக்குற? இல்லல்ல, முழுசாத்தான் இருக்கு. வா."

துணி எடுக்கிற சாக்கில் சாந்தாமணி தன் சித்தியோடு வந்து சேர்ந்தாள். அக்கா என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்து, அவர்கள் கண்ணெதிரேயே இரண்டு புருவத்தையும் துடைத்து எடுத்துவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். முட்டைக்குக் கண் வைத்த மாதிரி இருந்தேன்.

"அடக்கடவுளே, என்ன அம்மிணி இது!" என்று சித்தி நெஞ்சில் கை வைத்தாள். என் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன். அதாவது, நடக்காமலே முடிந்தது.

அக்கா மட்டும் அசரவில்லை. "பாத்துக்கிட்டியாம்மா? இதான் சரக்கு. இப்ப இவன வையி."

"என்னங்க்கா?"

"வையி. நீ வைஞ்சா இவன் மூஞ்சி எப்புடிப் போகுதுன்னு நான் பாக்கணும்."

"கட்டிக்கப் போறவங்கள எப்படீங்க வையறது?"

"கட்டிக்கிட்டு எப்புடியும் வையத்தான போற? இன்னைக்கே ஆரம்பி."

சாந்தாமணி தொண்டையைச் செருமினாள். "ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"இது மனு குடுக்கிறது. வையி!"

அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே கோபம் ஏறியது. "அன்னைக்கு எங்க வூட்டுல கழுத்தத் திருப்பாம உக்காந்திருந்தது இதுக்குத்தானுங்களா? எங்கப்பா உங்களுக்குக் கழுத்து வாதம்னு நெனச்சுட்டாருங்க! சொன்னா மாப்பிள்ளை மனசு நோகும்னு உங்க வூட்டுல யாருகிட்டயும் சொல்லாம பழனியில போயி தைலம் வாங்கி வெச்சிருக்காரு! நான் ஒரு மாசமாத் தூங்கலீங்க. கூப்புட்டாத் திரும்பிப் பாக்க முடியாத ஆளோட எப்படிக் குடும்பம் நடத்துறதுன்னு அழுதுட்டுக் கெடக்கறேன். நீங்க இங்க புருவத்துக்குக் கவலப்பட்டுட்டு இருக்கறீங்க!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் குரல் இறங்கிக் கேட்டாள்: "கழுத்து திரும்புமுங்களா?"

திருப்பிக் காட்டினேன். இடது பக்கம், வலது பக்கம், மேலே, கீழே. கோயில் மாடு மாதிரி ஆட்டிக் காட்டினேன். சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சித்தி, எதற்கும் நம்பிக்கையில்லாமல், தன் கையாலேயே ஒருமுறை என் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"போதும், போதும், எல்லாத்தையும் பாத்துட்டேன்" என்றார் அக்கா. கோபம், அழுகை, அசடு, சந்தோஷம் எல்லாம் ஒரே உட்காரலில் என் முகத்தில் வந்து போயிருந்தன. அவர் குறித்துக்கொண்டார்.

எனக்குக் கட்டையான, கம்பீரமான புருவம் ஆசை. சாந்தாமணி பென்சிலில் போட்டதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "மூஞ்சிக்கு ஒரு மீசை போதுமுங்க. மூணு வேண்டாம்." நாற்று நட்ட தினுசில், மெலிசாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் குத்த அக்கா ஒப்பவில்லை. "நலங்குன்னு சொந்தக்காரவுக மஞ்சளையும் எண்ணெயையும் மூஞ்சில அப்பித் தேய்ப்பாக. ஆறாத புண்ணு, எம்புட்டுச் சொன்னாலும் கேக்க மாட்டாக. பொருக்கோட புருவத்தையும் பேத்துருவாக." அதனால் அக்காவே பென்சிலும் பஞ்சுமாக நெய்க்காரப்பட்டி மண்டபத்துக்கு வந்து மணவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஹோமப் புகையில் வேர்க்க வேர்க்க ஒற்றி எடுத்து வரைந்தார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஏறக்குறைய எல்லாப் படத்திலும் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டிருக்கும். தாலி கட்டுகிற படத்தில்கூட அந்தக் கை இருக்கிறது. பார்க்கிறவர்கள் யாருடைய கை என்று கேட்டால், "எங்க நாத்தனாருங்க" என்பாள் சாந்தாமணி. எனக்கு உடன்பிறந்தவர் யாரும் கிடையாது.

அடுத்த மாதம் குத்திக்கொண்டேன். அக்கா தன் நெற்றியில் சிலுவை போட்டு, "மாதாவே, இவன் வாய மூடிக்கிட்டு இருக்கணும்" என்று வேண்டிக்கொண்டு மெஷினைப் போட்டார். ஊரவும் செய்தது, கடிக்கவும் செய்தது. முதலில் கரியை அப்பியது போல இருந்தது, அலறினேன். பொருக்கு உதிர்ந்ததும் ஒன்றுமே இல்லாதது போலத் தெரிந்தது, அதற்கும் அலறினேன். அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "அடியில இருந்து ஏறி வரும், சும்மா கெட" என்று குரல் கொடுத்தார். மெல்ல மெல்ல ஏறி வந்தது. விட்டுப்போன இடங்களில் மறுபடி ஒருமுறை தொட்டுவிட்டார்.

செல்போன் வந்து என் பூத் போனது. அக்கா திருப்பூரில் மகளோடு இருக்கப் போய்விட்டார். போகும்போது ஒருமுறை என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தார், ஆனால் வையச் சொல்லவில்லை.

இப்போது புருவம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்திருக்கிற பார்லர் பெண், மேலே புதுசாகப் போட்டுவிடலாம் என்கிறாள். சாந்தாமணி கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள், நானும் வந்துவிட்டேன். என் முகத்தைக் கழுவும்போது நெற்றிக்குக் கீழே மட்டும் எங்கள் இருவர் கையும் மெதுவாகத்தான் போகிறது. மற்ற நாளில் என் கை, காய்ச்சலில் நான் படுத்திருந்தால் அவள் கை. அக்கா தொட்ட இடம், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே.