சிசிலியனைத் திறப்பதா, மூடுவதா

அன்பும் மதிப்பும் உள்ள அண்ணனுக்குத் தங்கை பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நானும் சௌக்கியம் என்று எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது. உதறிப் பார்த்துவிட்டு, இருக்கிறேன் என்று மாற்றி எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் பதினோரு வருஷம் கழித்து உங்களுக்கு எழுதும் கடிதம், பிழை இருந்தால் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் உங்கள் தபால் கார்டைப் பற்றியது. நீங்கள் சாவு வீட்டுக்கு வந்து, கேட்டுக்குப் பக்கத்திலேயே அரை மணி நேரம் நின்று, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனீர்கள் அல்லவா, அதற்கு மறுநாள் அது வந்தது. சேதி தெரிவதற்கு முன்னாலேயே தபாலில் போட்டிருப்பீர்கள். தபால்காரர் என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நானும் அவர் உள்ளே குளித்துக்கொண்டிருக்கிற மாதிரியே வாங்கிக்கொண்டேன். எப்போதும் போல ஒரு எழுத்து, ஒரு நம்பர். சி5. அவ்வளவுதான். புது செஸ் ஆட்டத்தை அவர்தான் ஆரம்பித்து இ4 என்று எழுதிப் போட்டிருந்தார், அதற்கு உங்கள் பதில். அவர் இருந்திருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு, "மச்சான் மறுபடி சிசிலியன் போட்டுட்டார்" என்று சந்தோஷமாகப் புலம்பியிருப்பார். இ4-க்கு சி5 என்று பதில் போட்டால் அந்த ஆட்டத்துக்குப் பேர் சிசிலியனாம்.

கார்டு வந்து நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. பதில் போகவில்லையே என்று எனக்கு உறுத்துகிறது. இந்த வீட்டுக்கு உங்கள் கையெழுத்து வருவதற்கு அந்தக் கார்டை விட்டால் வேறு வழி கிடையாது. ஆட்டம் நின்றால் அதுவும் நின்றது. அவரும் இல்லை, நீங்களும் இல்லை என்று ஆகிவிடும். ஆகவே அவர் விட்ட இடத்திலிருந்து நான் ஆடலாம் என்று இருக்கிறேன். எனக்கு ஆடத் தெரியாது என்பது ஒன்றுதான் இடைஞ்சல்.

நீங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னல் வெளிச்சம் பலகை மேல் ஒரு துணி மாதிரி விரிந்து கிடந்தது. அவருடைய ராஜா பக்கத்துக் குதிரை லேசாக ஆடி நின்றது. "தொட்டாச்சு மாப்பிள்ளை, நகர்த்துங்க" என்றீர்கள். "தொடவே இல்லையே மச்சான்" என்றார் அவர். "அப்ப குதிரை தானா ஆடுச்சா?" "நீங்க விட்ட பெருமூச்சுல ஆடியிருக்கும்." தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது சட்டமாம், நகர்த்தினால் அவர் ராணி போய்விடுமாம். நாற்காலி விழுந்தது, கதவு சாத்தப்பட்டது, பேச்சை நிறுத்தியதில் என்னையும் சேர்த்துக்கொண்டீர்கள். யார் சொன்னது சரி என்று எனக்குத் தெரியாது, நான் டம்ளர் எடுக்க வந்தவள், எதையும் கவனிக்கவில்லை. ஆனால் உங்களை விட்டால் அவருக்கும் அவரை விட்டால் உங்களுக்கும் சமமாக ஆட ஆள் கிடையாது. அதனால் மூன்றாம் மாதமே கார்டில் ஆரம்பித்தீர்கள். கார்டில் யாரும் காயைத் தொட முடியாது, சண்டைக்கு வழியில்லை. பேச்சுக்கும் வழியில்லை.

அவருடைய நோட்டைத் தேடி எடுத்தேன். லிஃப்ட் ஓட்டும் வேலையில் ஸ்டூல் மேல் உட்கார்ந்தபடி எழுதியது, மாடிக்கு மாடி எழுத்து குதித்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் உங்கள் சிசிலியனுக்கு மூன்று வழி எழுதி, மூன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். ஒன்று, ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே விட்டு ஆட்டத்தைத் திறப்பது. திறந்தால் அடிதடி, ஆனால் காற்று வரும் என்று எழுதியிருக்கிறார். இன்னொன்று, ராணி பக்கத்துக் குதிரையை விட்டு, எல்லாவற்றையும் மூடி வைத்து நிதானமாக ஆடுவது. மூன்றாவது, ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துவது, அதற்கு அலாபின் என்று பேர். நான் அதை அலம்பல் என்று படித்துவிட்டு, இவருக்குத் தெரிந்தவர்களில் இவ்வளவு அலம்பல் பண்ணுகிறவர் யார் என்று வெகு நேரம் யோசித்தேன். சிசிலியன் மட்டும் எனக்குப் பழக்கம். கல்யாணமான புதிதில் தூக்கத்தில் "சிசிலியை என்ன செய்யறது" என்று அவர் முனக, நான் நான்கு நாள் முகம் கொடுக்காமல் இருந்து, ஐந்தாம் நாள் அந்தப் பெண் எந்த மாடியில் வேலை செய்கிறாள் என்று கேட்டேன். அவர் பலகையைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு கறுப்புச் சிப்பாய். எனக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை.

இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாலே கண் சொருகுகிறது. நான் சட்டைக் கம்பெனியில் காஜா எடுப்பதும், அவர் பட்டன் அமுக்குகிறவர், இவள் பட்டனுக்கு ஓட்டை போடுகிறவள், நல்ல பொருத்தம் என்று கல்யாணத்தில் நீங்கள் கேலி செய்ததும் ஞாபகம் இருக்கும். மெஷின் ஓடுகிற சத்தம் லிஃப்ட் ஏறுகிற சத்தமாக மாறிவிடுகிறது. அவர் உயிர் போன அன்றைக்கு ஒன்பதாம் மாடியிலிருந்து லிஃப்ட் கீழே வந்தது, ஸ்டூலில் அவர் உட்கார்ந்தபடியே இருந்தார், ஆனால் வரவில்லை. கனவில் அப்படி இல்லை. அவர் தலை வாரி, சட்டைப் பை நிறையக் கார்டு வைத்திருக்கிறார். சிப்பாய்கள் எட்டும் சாப்பாட்டு டப்பாவோடு ஓரமாக நிற்கின்றன. குதிரை தலையைக் குனிந்துகொண்டு நுழைகிறது, யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஒன்பது மாடி தாண்டியும் ஏறிக்கொண்டே இருக்கிறோம், இடுக்கு வழியாக மேகம் வருகிறது. சி5 என்று ஒரு மாடியில் நிற்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் உங்கள் கடைக் கடிகாரங்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு நேரம் சொல்லி அடிக்கின்றன. அவர் இரண்டு பட்டன் மேலும் விரலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறார். "திறக்கட்டுமா, மூடட்டுமா? சொல்லு. வெளிய ஆள் நிக்குது." நான் வாயைத் திறப்பதற்குள் முழிப்பு வந்துவிடுகிறது. தினமும் இதேதான்.

போன வாரம் அப்படி முழித்துப் பார்த்தால், முப்பத்தாறு சட்டைக்கு இரண்டு பக்கமும் காஜா எடுத்து வைத்திருக்கிறேன். பட்டன் தைக்க இடமே இல்லை. சூப்பர்வைசர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இதை எப்படிம்மா மூடுறது?" என்றார். எனக்குத் தூக்கம் கலையவில்லை, "மூட முடியாதுங்க சார், இது திறந்த சிசிலியன்" என்று சொல்லிவிட்டேன். புது டிசைன் வந்திருக்கிறதா என்று கேட்க அவர் ஆபீஸ் ரூமுக்குப் போனார். பக்கத்து மெஷின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, லீவு போட்டுச் சொந்தக்காரர்கள் யார் வீட்டிலாவது நாலு நாள் இருந்துவிட்டு வா என்றாள். எனக்குச் சொந்தம் என்று யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். சி5 தான் ஞாபகம் வந்தது.

ஆகவே அண்ணா, உங்களைத் தோற்கடிக்க அந்த மூன்றில் எது நல்லது என்று நீங்களே யோசித்து எழுதவும். எதிராளியிடமே கேட்பார்களா என்று கோபப்பட வேண்டாம். சிசிலியனைப் பற்றி உங்களைவிட விவரம் தெரிந்தவர் யாரும் எனக்குப் பழக்கமில்லை. பொய் சொல்ல மாட்டீர்கள் என்றும் தெரியும், ஒரு குதிரை ஆடியதற்குப் பதினோரு வருஷம் நியாயம் பார்த்தவர். மூன்றும் சரிப்படாது என்றால் நான் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் கடைக் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரம் காட்டட்டும், உங்கள் முட்டிவலி மட்டும் நின்றுபோகட்டும். பலகை அவர் வைத்தபடியே இருக்கிறது. தூசி தட்டக்கூட நான் கிட்டே போவதில்லை, பதினோரு வருஷமாகப் போனதில்லை.

என்றும் உங்கள் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். மேலே கேட்டதை எல்லாம் விட்டுவிடுங்கள், யோசனை எதுவும் எழுத வேண்டாம். கவனிக்கவில்லை என்று நான் எழுதியது பொய். டம்ளர் எடுக்கும்போது என் முழங்கைதான் குதிரை மேல் பட்டது. அவர் தொடவில்லை. அது ஆடியதை நீங்கள் பார்த்ததும் பொய் இல்லை. சாயங்காலத்துக்குள் சமாதானம் ஆகிவிடுவீர்கள், அப்போது சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன். ஆகவில்லை. அப்புறம் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து என்னோடு பேசாமல் போய்விடுவீர்கள் என்று பயந்தேன். ஒருவர் எப்படியும் பேசவில்லை. அவரிடமும் சொல்லவில்லை, கடைசிவரை உங்கள் பெருமூச்சு என்றே நம்பிக்கொண்டிருந்தார். தொட்டவர்தான் நகர்த்த வேண்டும் என்றால், நகர்த்த வேண்டியவள் நான். இப்போது போய் உங்கள் கறுப்புச் சிப்பாயை அதன் கட்டத்தில் வைத்துவிட்டு, அந்த ராஜா பக்கத்துக் குதிரையையே எடுத்து வெளியே வைத்தேன். குதிரை எஃப்3. திறந்தாயிற்று. இனி உங்கள் முறை. கார்டில் வேண்டாம் அண்ணா, வந்து நகர்த்துங்கள். டம்ளரை நீங்கள் எழுந்த பிறகு எடுத்துக்கொள்கிறேன்.