மைனஸ் போடாத ஒரு மாதம்

தன் தப்பைத் தானே பிடித்துக் கொடுப்பதில் என் கேரம் கூட்டாளி மைனஸ் மாமுவை மிஞ்ச இந்த உலகத்தில் ஓர் ஆள் கிடையாது. இருந்தால் கூட்டி வாருங்கள், நான் காலில் விழுகிறேன்.

கேரமில் ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் எங்கள் திருவொற்றியூரில் அதற்குப் பெயர் மைனஸ். போட்ட காயில் ஒன்றை எடுத்துத் திரும்ப நடுவில் வைக்க வேண்டும். நாங்களெல்லாம் ஸ்ட்ரைக்கர் விழுந்த பிறகும் விழவில்லை என்று சாதிக்கிற ஜாதி. மாமுவோ சட்டைக் கை காயில் உரசினாலே "மைனஸு" என்று தானே காயை எடுத்து வைப்பார். கல்யாணப் பந்தியில் ஒருமுறை பக்கத்து இலை அப்பளத்தைத் தெரியாமல் கடித்துவிட்டு, "மைனஸு" என்று தன் வடையைத் தூக்கி அந்த இலையில் வைத்தார். சிக்னலில் கோட்டைத் தாண்டிவிட்டால் பைக்கைப் பின்னால் தள்ளுவார். பின்னால் நிற்கும் கன்டெய்னர் லாரிக்காரர் என்ன சொல்வார் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

நான் தாம்பரம் பக்கம் குடிபோன பிறகு போனில் கேரம் ஆட ஆரம்பித்தோம். மாமுவின் மனைவி தவறிப்போன வருஷம் அது. காலை ஏழு மணிக்கு ஓர் ஆட்டம் முடித்துத்தான் வெல்டிங் பட்டறையைத் திறப்பார். தினமும் நான்தான் தோற்றேன். ஐம்பது வயதுக்கு மேல் வருகிற ரோஷம் இருக்கிறதே, அது பொல்லாதது. தானாகக் குறிபார்த்துத் தானாக அடிக்கும் ஒரு புரோகிராமைத் தேடிப் பிடித்துப் போனில் ஏற்றிவிட்டேன்.

அப்புறம் நான் இட்லி சாப்பிடுவேன், அது ஆடும். நான் பேப்பர் படிப்பேன், அது சிவப்புக் காயைப் போட்டு, கையோடு ஃபாலோ காயையும் போடும். ஒரு மைனஸ்கூடப் போடாமல் ஒரு மாதம் தொடர்ந்து ஜெயித்தேன். வெறும் விளையாட்டுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று மனசாட்சியையும் சமாளித்துவிட்டேன்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே, என்னைப் பாராட்டலாம் என்று மாமு என் மனைவியின் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார். "அவரு குளிச்சிகினு கீறாருண்ணா" என்றாள் அந்த உத்தமி. அதே நொடியில் அங்கே ஆட்டத்தில் நான் கடைசிக் காயைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆட்டத்துக்கு மாமு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன். வழியெல்லாம் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் திட்டவே இல்லை. டீ போட்டுக் கொடுத்தார்.

"தோத்ததுக்கு இல்ல நைனா" என்றார். "எதிர்ல நீ குந்திக்கினு கீறன்னு நென்ச்சேன். நல்ல அடி நைனா, நல்ல அடின்னு தெனம் போனாண்ட சொல்லிக்கினு இருந்தேன். யாராண்ட சொன்னேன்?"

வெட்கமாக இருந்தது. அவர் எதிரிலேயே அந்தப் புரோகிராமை அழித்தேன்.

மறுநாள் ஏழு மணி. நானே குறிபார்த்து அடித்தேன். முதல் அடியிலேயே ஸ்ட்ரைக்கர் நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. உடனே மாமுவிடமிருந்து மெசேஜ் வந்தது: "மைனஸு. வந்துட்டியா நைனா?"

அன்றும் தோற்றேன், இன்றும் தோற்றேன். இப்போதெல்லாம் ஆறே முக்காலுக்கே குளித்துவிட்டுப் போனோடு உட்கார்ந்துவிடுகிறேன். அந்த மனுஷன் எனக்காக ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது.